மோடத்தில் 19 நாள் எரிந்த சிவப்பு விளக்கு: வீட்டு இணையம், சிம் பற்றி என் அனுபவம்

ஜூன் 9, 2025, திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு எங்கள் வீட்டு மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. லாஸ் என்று ஆங்கிலத்தில் மூன்றெழுத்து போட்டிருக்குமே, வயரில் ஒளி வரவில்லை என்று காட்டுகிற அந்த விளக்குதான். அது அணைந்தது ஜூன் 28 சனிக்கிழமை இரவு. இடையில் 19 நாள். இந்த 19 நாளில் நான் பட்ட பாட்டையும், அதற்கு முன்னால் இருந்த இரண்டு இணைப்புகளையும், அப்புறம் ஊரில் அம்மாவின் செல்போனையும் சேர்த்து எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். புது இணைப்பு வாங்கப் போகிறவர்கள் பொறுமையாகப் படியுங்கள். கம்பெனிப் பெயர் எதையும் எழுதவில்லை. என் ஏரியாவில் சொதப்பிய அதே கம்பெனி உங்கள் ஏரியாவில் ஒழுங்காக இருக்கலாம், அதற்கான காரணத்தையும் கீழே சொல்கிறேன்.

நான் இருப்பது சென்னை மடிப்பாக்கம். வீட்டிலிருந்தே சின்னக் கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்வது என் தொழில். மருந்துக் கடை, ஹார்டுவேர் கடை, இரண்டு மெஸ், ஒரு பிரிண்டிங் பிரஸ் என்று இருபது பேர் என்னை நம்பி இருக்கிறார்கள். மாதாமாதம் தாக்கல் செய்கிறவர்களுக்கு விற்பனை விவரம் தருகிற ஜிஎஸ்டிஆர்-1க்கு 11ஆம் தேதி கடைசி நாள், வரி கட்டுகிற 3பி படிவத்துக்கு 20ஆம் தேதி கடைசி நாள். 3பி ஒரு நாள் தாமதமானாலும், வரி கட்ட வேண்டிய கடையாக இருந்தால் நாளுக்கு 50 ரூபாய் அபராதம் ஏறும், அதற்கு மேல் வட்டி வேறு. ஆகவே 9ஆம் தேதி லைன் போகிறது என்றால் எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிற விஷயம்.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். மோடத்தை அணைத்துப் போட்டேன். பின்னால் பச்சை முனை வைத்த மெல்லிய வயரைக் கழற்றித் திரும்பச் செருகினேன். ஒன்றும் நடக்கவில்லை. ஆப்பில் புகார் போட்டேன், டிக்கெட் நம்பர் வந்தது, 'இன்று மாலை 6 மணிக்குள் சரிசெய்யப்படும்' என்று குறுஞ்செய்தியும் வந்தது. மாலை 6 மணிக்கு இன்னொரு குறுஞ்செய்தி: 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு மதிப்பெண் அளியுங்கள்.' சிவப்பு விளக்கு அப்படியே எரிந்துகொண்டிருக்கிறது. வீட்டுக்கு யாரும் வரவில்லை, யாரும் போன் செய்யவும் இல்லை.

மறுநாள் மறுபடி புகார், மறுபடி புது நம்பர், மாலையில் மறுபடி 'தீர்க்கப்பட்டது'. கஸ்டமர் கேருக்கு அழைத்தால் தமிழுக்கு ஒன்றை அழுத்து, பிராட்பேண்டுக்கு மூன்றை அழுத்து என்று ஏழெட்டுப் படி தாண்ட வேண்டும். கடைசியில் ஒரு பெண் எடுத்துப் பேசினார். பாவம், அவரிடம் இருக்கிற திரையில் என்ன தெரிகிறதோ அதைத்தானே அவர் சொல்ல முடியும்? 'சார், வாடிக்கையாளர் அழைப்பை எடுக்கவில்லை என்று டெக்னீஷியன் குறித்திருக்கிறார்' என்றார். எனக்கு அழைப்பே வரவில்லை. போனில் அழைப்புப் பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். மேலதிகாரியிடம் பேச வேண்டும் என்றேன். 24 மணி நேரத்தில் அவரே கூப்பிடுவார் என்றார், கூப்பிடவில்லை.

11ஆம் தேதி வேலையைக் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் முடித்தேன். என் சிம்மில் நாளுக்கு 2 ஜிபிதான். இருபது கடைக் கோப்புகளை ஏற்றி இறக்கினால் மதியத்துக்குள் தீர்ந்துவிடுகிறது. அதற்கப்புறம் ஆட்-ஆன் பேக் போட்டுப் போட்டு ஓட்டினேன்.

ஏழாவது நாள்தான் டெக்னீஷியன் வந்தார். 23, 24 வயது இருக்கும். பையில் வயரில் வரும் ஒளியை அளக்கிற பவர் மீட்டர், ஒரு சின்ன சிவப்பு டார்ச், முதுகுப்பையில் கேபிள் சுருள். மோடத்தின் வயரைக் கழற்றி மீட்டரில் செருகிக் காட்டினார். திரையில் எண்ணே வரவில்லை, 'லோ' என்று நின்றது. 'மைனஸ் இருபதுக்குப் பக்கத்தில் இருந்தால் சூப்பர் சார், மைனஸ் இருபத்தேழு வரைக்கும் ஓடும், உங்களுக்கு லைட்டே வரலை' என்றார். அப்புறம் தெருமுனைப் போஸ்ட்டில் ஏறி, அங்கே இருக்கிற கறுப்புப் பெட்டியைத் திறந்து பார்த்தார். நானும் கீழே நின்றுகொண்டிருந்தேன். பெட்டிக்கே வெளிச்சம் வரவில்லை. இறங்கி வந்து சொன்னார்: 'சார், உங்க வீட்டு வயர் நல்லா இருக்கு. பெட்டிக்கு வர்ற மெயின் ஃபைபர் எங்கயோ கட்டாகியிருக்கு. அது எங்க டீம் கிடையாது, ஃபைபர் டீம் வரணும்.'

இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், மொத்தக் குழப்பத்துக்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. வீட்டுக்கு வரும் ஃபைபர் கம்பெனியின் நிலையத்திலிருந்து தனியாக நேரே வருவதில்லை. மெயின் கேபிளில் வரும் ஒளியை ஒரு ஸ்பிளிட்டர் எட்டு வீடு, பதினாறு வீடு என்று பிரித்துக் கொடுக்கும். எங்கள் போஸ்ட்டில் இருப்பது எட்டு வீட்டுப் பெட்டி. பெட்டிக்கு இந்தப் பக்கம், அதாவது வீட்டுப் பக்கம் பழுது என்றால் ஒரு ஆள் வந்து அரை மணியில் சரிசெய்துவிடலாம். பெட்டிக்கு அந்தப் பக்கம் என்றால் ஒளி எங்கே நின்றுபோகிறது என்று தேடி, குழி தோண்டி, ஒட்டவைக்கும் மெஷினுடன் வேறு டீம் வர வேண்டும். நான் ஆப்பில் போடும் புகார் எப்போதும் வீட்டு டீமுக்குத்தான் போகிறது. அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. நாள் முடிவதற்குள் டிக்கெட்டை மூடாவிட்டால் அவர்கள் சம்பளத்தில் கை வைப்பார்களாம், அதனால் ஏதோ ஒரு காரணத்தைப் போட்டு மூடிவிடுகிறார்கள். அந்தப் பையன் கம்பெனி ஊழியர்கூட இல்லை, ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்கிறவர். அன்றைக்கு மட்டும் அவர் கையில் 22 புகார்கள் இருந்தன. மத்தியானம் சாப்பிட்டாரா என்று கேட்டேன், இல்லை என்றார். மோர் கொடுத்தேன், நின்றபடியே குடித்துவிட்டுக் கிளம்பினார். கோபப்பட வேண்டிய ஆள் அவரில்லை என்பது அப்போது நன்றாகவே புரிந்தது.

மெயின் கேபிள் ஏன் அறுந்தது? எங்கள் பக்கம் மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை நடக்கிறது, மாதவரம் - சோழிங்கநல்லூர் தடம். சாலையோரம் எங்கே பார்த்தாலும் தோண்டல். ஒரு பக்கம் தண்ணீர்க் குழாயை மாற்றுகிறார்கள், ஒரு பக்கம் கரண்ட் கேபிளை மாற்றுகிறார்கள், ஜேசிபியின் பல் ஒரு முறை பட்டால் போதும். இதைக் குறை சொல்ல மாட்டேன், மெட்ரோ வேண்டும்தான். ஆனால் ஒரு ஏரியா முழுக்கத் தோண்டல் நடக்கிறது என்று தெரிந்தே அங்கே இணைப்பு விற்கிற கம்பெனி, கேபிள் அறுந்தால் மாற்று வழி வைத்திருக்க வேண்டாமா? வேறு தெரு வழியாக இன்னொரு கேபிள், இல்லை தினமும் சுற்றிவருகிற ஒரு டீம், ஏதாவது ஒன்று.

பத்தாவது நாள் நான் செய்த காரியம்தான் வேலை செய்தது. எங்கள் பெட்டியில் இருக்கிற எட்டு வீடு எவை என்று வயரைப் பார்த்துக்கொண்டே தெருவில் நடந்தேன். ஆறு வீட்டில் அதே கம்பெனி இணைப்பு ஓடிக்கொண்டிருந்தது, ஆறு வீட்டிலும் சிவப்பு விளக்கு. எதிர்வீட்டு அக்கா ஆறு புகார் போட்டிருக்கிறார், மூலைவீட்டில் ஐடி வேலை பார்க்கும் தம்பி ஒன்பது. ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கத்திக்கொண்டிருந்திருக்கிறோம், கம்பெனியின் கணக்கில் அவை ஆறு தனிப் பழுதுகள், ஒவ்வொன்றும் 'தீர்க்கப்பட்டது'. எல்லோருடைய இணைப்பு எண்ணையும் டிக்கெட் எண்களையும் வாங்கி, போஸ்ட்டில் இருக்கும் பெட்டியின் எண்ணைப் படம் எடுத்து, ஒரே மின்னஞ்சலாக எழுதி மேல்முறையீட்டு அதிகாரிக்கு அனுப்பினேன்.

மேல்முறையீட்டு அதிகாரி என்று ஒருவர் இருப்பதே நிறையப் பேருக்குத் தெரியாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2012இல் போட்ட விதி இது. ஒவ்வொரு நிறுவனமும் புகாருக்கு டாக்கெட் எண், அதாவது புகார் பதிவு எண் கொடுக்க வேண்டும், அதில் தீராவிட்டால் மேல்முறையீடு செய்ய ஒரு அமைப்பை வைத்திருக்க வேண்டும், அதற்குக் கட்டணம் கிடையாது, 39 நாளுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். நிறுவனத்தின் வலைத்தளத்தில் அடியில் சின்ன எழுத்தில் மின்னஞ்சல் முகவரி இருக்கும், தேடினால் கிடைக்கும். ஒரு விஷயம், ட்ராய்க்கே நேராக எழுதிப் பயனில்லை. தனிப்பட்ட புகார்களை அவர்கள் தீர்ப்பதில்லை, வந்தால் அதே நிறுவனத்துக்கு அனுப்பிவிடுவார்கள். மேல்முறையீட்டிலும் பதில் இல்லை என்றால் மத்திய அரசின் குறைதீர்க்கும் இணையதளத்தில் தொலைத்தொடர்புத் துறையின் பெயரைத் தேர்வு செய்து புகார் கொடுக்கலாம். நான் நான்கு நாள் பார்த்துவிட்டு அதையும் செய்தேன்.

அதற்கு இரண்டாவது நாள் ஒரு மேற்பார்வையாளர் கூப்பிட்டார். முதல் முறையாக ஒரு மனிதர் தன் பெயரைச் சொல்லி, தன் சொந்த எண்ணிலிருந்து பேசினார். சனிக்கிழமை சாயங்காலம் ஃபைபர் டீம் வந்துவிட்டது.

அந்த வேலையை நின்று பார்த்தேன். இரவு ஒன்பது மணி. சாலையோரக் குழியிலிருந்து அறுந்த கேபிளின் இரண்டு முனையையும் இழுத்து, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலின் மேல் மெஷினை வைத்து வேலை செய்தார்கள். கறுப்பு உறையை உரித்தால் உள்ளே நீலம், ஆரஞ்சு, பச்சை என்று வண்ண வண்ண இழைகள். ஒவ்வொரு இழையின் வண்ணப் பூச்சையும் சுரண்டி, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, ஒரு சின்ன வெட்டியில் வைத்து 'டிக்' என்று நறுக்குகிறார்கள். தலைமுடி பருமன்தான், ஆனால் கண்ணாடி. நறுக்கிய துண்டைக் கையில் பட விடாமல் ஒரு டப்பாவில் போட்டார் பெரியவர், காலில் குத்தினால் எடுக்கவே முடியாதாம். இரண்டு முனையையும் மெஷினில் வைத்து மூடினால் திரையில் இரண்டு கோடுகள் எதிரெதிரே நகர்ந்து வந்து நேராகின்றன, ஒரு பொறி, ஒட்டிக்கொண்டது. மேலே ஒரு சுருங்கும் குழாயை மாட்டிச் சூடாக்கி அடுத்த இழைக்குப் போனார்கள். மழைத் தூறல் ஆரம்பித்ததும் மூலைவீட்டுத் தம்பி குடை பிடித்தான், நான் டார்ச் அடித்தேன். எல்லாம் முடிய ஒன்றேகால் மணி நேரம். வீட்டுக்கு வந்து பார்த்தேன், சிவப்பு போய்ப் பச்சை எரிகிறது.

ஒன்றேகால் மணி நேர வேலைக்கு 19 நாள்.

இனி பணம். மூன்று நாளுக்கு மேல் பழுது நீடித்தால் வாடகையில் கழிவு கொடுக்க வேண்டும் என்பது ட்ராயின் சேவைத்தர விதி. ஏழு நாள் வரை என்றால் ஏழு நாள் வாடகை, பதினைந்து நாள் வரை என்றால் பதினைந்து நாள் வாடகை, அதற்கும் மேல் போனால் ஒரு மாத வாடகை. நாமாகக் கேட்காமல் யாரும் கொடுத்ததாக எனக்குத் தெரிந்து எங்கள் தெருவில் இல்லை. என் வாடகை 699, 18% ஜிஎஸ்டி சேர்த்து ஏறத்தாழ 825 ரூபாய். கஸ்டமர் கேரில் முதலில் 'புகார்கள் எல்லாம் அன்றன்றே தீர்க்கப்பட்டதாகப் பதிவில் இருக்கிறது, கழிவு வராது' என்றார்கள். பொய்யாக மூடிய டிக்கெட்டால் வரும் நஷ்டம் இதுதான், கவனியுங்கள். லைன் வராதது ஒரு பக்கம், வரவில்லை என்பதற்கான சாட்சியமே அழிகிறது இன்னொரு பக்கம். நல்லவேளை, தினமும் காலையில் மோடத்தைத் தேதி தெரிகிற மாதிரி படம் எடுத்து வைத்திருந்தேன், அன்றைய நாளிதழைப் பக்கத்தில் வைத்து. அதை அனுப்பிய பிறகு ஒரு மாத வாடகையைக் கணக்கில் வரவு வைத்தார்கள். எதிர்வீட்டு அக்காவுக்கும் அதே படத்தை வைத்துத்தான் கேட்டோம், கிடைத்தது.

இதற்கும் மசியாவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக இருந்தேன். தொலைத்தொடர்பு விஷயத்தில் நுகர்வோர் மன்றம் போக முடியாது என்று பல வருஷம் சொல்லிவந்தார்கள், 2009இல் அப்படி ஒரு தீர்ப்பும் இருந்தது. 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் போகலாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. செலுத்திய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்தில் கட்டணமும் கிடையாது.

சரி, இந்தக் கம்பெனியில் நல்லதே இல்லையா என்றால், இருந்தது. 2024 தொடக்கத்தில் இணைப்பு கேட்ட மறுநாளே வந்து போட்டுக் கொடுத்தார்கள். சுவரில் வயரை ஆணியடித்து நேர்க்கோடாக இழுத்த அழகை என் மனைவியே பாராட்டினாள். நூறு எம்பிபிஎஸ் என்று சொன்னார்கள், நூறு வந்தது, இரவு எட்டு மணிக்கும் வந்தது. ஒன்றேகால் வருஷம் ஒரு குறையும் இல்லை. அதனால்தான் ஏமாந்து ஆறு மாதத் தொகையை முன்பணமாகக் கட்டினேன். ஓடுகிற நாளில் எல்லாக் கம்பெனியும் நன்றாகத்தான் ஓடுகிறது. லைன் அறுகிற நாளில் யார் வருவார், எத்தனை மணி நேரத்தில் வருவார் என்பதை வைத்துத்தான் இனிமேல் இணைப்பை எடைபோடுவேன்.

அதை நினைக்கும்போது பழைய செம்புக் கம்பிக் காலத்து லைன்மேன் அண்ணன் ஞாபகம் வருகிறார். 2009இல் நான் முதன்முதலில் வீட்டுக்கு பிராட்பேண்ட் வாங்கியபோது 256 கேபிபிஎஸ் வந்தாலே அது பிராட்பேண்ட், 2004 கொள்கையில் அப்படித்தான் வரையறுத்திருந்தார்கள். இப்போது 2023இலிருந்து குறைந்தது 2 எம்பிபிஎஸ் இருந்தால்தான் பிராட்பேண்ட் என்று சொல்லலாம். அந்தப் பழைய 256 வேகத்தில் ஒரு ஐந்து எம்பி கோப்பு இறங்குவதற்குள் காபி குடித்துவிட்டு வந்துவிடலாம். மழை பெய்தால் போனில் கொரகொரவென்று சத்தம் வரும், செம்புக் கம்பி இணைப்புக்குள் ஈரம் இறங்கினால் அப்படித்தான். ஆனால் எக்ஸ்சேஞ்ச் நடந்து போகிற தூரத்தில் இருந்தது. போய்ச் சொன்னால் நோட்டில் எழுதிக்கொள்வார்கள், லைன்மேன் அண்ணன் சைக்கிளில் வந்து தெருமுனைப் பில்லர் பெட்டியைத் திறந்து, நூற்றுக்கணக்கான கம்பிக்கு நடுவில் என் ஜோடியை விரலால் தேடி எடுத்துக் காதில் போனை வைத்துப் பார்ப்பார். எந்த வீட்டுக்கு எந்த ஜோடி என்பது அவருக்கு மனப்பாடம். தீபாவளிக்கு ஐம்பது ரூபாய் கொடுத்தால் 'இருக்கட்டும் தம்பி' என்று இரண்டு முறை சொல்லிவிட்டு வாங்கிக்கொள்வார்.

அதற்கப்புறம் 2018இல் எங்கள் ஏரியா கேபிள் டிவி அண்ணனிடம் ஃபைபர் வாங்கினேன். இப்படி உள்ளூர் கேபிள்காரர்கள் உரிமம் பெற்ற ஒரு பெரிய இணைய நிறுவனத்தின் கீழ் கிளை மாதிரி நடத்துகிறார்கள். மாதம் 500 ரூபாய், 50 எம்பிபிஎஸ், கையில் பணம். லைன் போனால் வாட்ஸ்அப்பில் 'அண்ணா லைன் இல்லை' என்று போட்டால் போதும், முக்கால்வாசி நேரம் ஒரு மணி நேரத்தில் ஏணியோடு வந்துவிடுவார். 2023 டிசம்பர் 4 மிக்ஜாம் புயலில் மடிப்பாக்கம் மிதந்தது. நான்கு நாள் கரண்ட் இல்லை. செல்போன் டவர்களும் பேட்டரி தீர்ந்து ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டன. அந்த நிலையில் அவர் முட்டியளவுத் தண்ணீரில் நடந்து போஸ்ட் போஸ்ட்டாகப் பார்த்துக்கொண்டு போனதை மாடியிலிருந்து பார்த்தேன். கரண்ட் வந்த அன்று மாலையே எங்களுக்கு லைன் கொடுத்துவிட்டார்.

பிறகு ஏன் அவரை விட்டேன்? மூன்று காரணம் இருந்தது. ஒன்று, அவர் பில் கொடுக்கவில்லை. நான் தொழிலுக்குப் பயன்படுத்துகிறேன், பில்லில் என் ஜிஎஸ்டி எண் இருந்தால் கட்டிய வரியை வரவு எடுக்கலாம். இரண்டு, இரவு எட்டிலிருந்து பத்து வரை வேகம் பாதிக்கும் கீழே போகும், எல்லா வீட்டிலும் படம் பார்க்கிற நேரம். மூன்றாவது சிசிடிவி. வாடிக்கையாளர் ஒருவருக்காக என் வீட்டில் ஒரு பதிவுப் பெட்டி வைத்திருந்தேன், அதை வெளியிலிருந்து பார்க்க முடியவில்லை. பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது ஐபியை, அதாவது இணைய முகவரியைப் பகிர்ந்து கொடுத்தால் வெளியிலிருந்து நம் வீட்டுக் கருவிக்குள் நேராக வர வழி கிடையாது. இதைப் பெரிய கம்பெனிகளும் இப்போது செய்கின்றன, தனி ஐபி வேண்டும் என்றால் முன்கூட்டியே கேட்டு, கூடுதல் கட்டணம் எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜூன் 30ஆம் தேதி பெரிய கம்பெனி இணைப்பை நிறுத்தச் சொல்லி எழுதிவிட்டு, கேபிள் அண்ணனிடமே திரும்பப் போனேன். இப்போது அவரும் முறையாகப் பில் கொடுக்கிறார், ஆப் வழியாகப் பணம் வாங்குகிறார், இரவு நேர வேகமும் முன்னைவிடத் தேவலாம். நூறு எம்பிபிஎஸ் எழுநூறு ரூபாய், ஜிஎஸ்டி தனி. பச்சை வயரை மாட்டும்போது 'வருவீங்கன்னு தெரியும் சார்' என்றார், அவ்வளவுதான், பழைய கதையைக் கிளறவில்லை. கூடவே அவர் இணைப்போடு சம்பந்தமில்லாத வேறு ஒரு கம்பெனியின் சிம்மை ஹாட்ஸ்பாட்டுக்கென்று தனியாக வாங்கி வைத்திருக்கிறேன். ஒரே கம்பெனியில் வீட்டு லைனும் சிம்மும் வைத்தால் அவர்கள் பக்கம் பெரிய பழுது வருகிற அன்று இரண்டுமே படுத்துவிடும்.

சிம் என்றதும் அம்மா விஷயம். அம்மா அம்பாசமுத்திரத்தில் தனியாக இருக்கிறார், வயது 74, கையில் பட்டன் போன். இண்டர்நெட் என்றால் என்ன என்று அவருக்குத் தேவையும் இல்லை. ஆனால் பல வருஷம் தினம் ஒரு ஜிபி டேட்டா சேர்ந்த பேக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன், வேறு எதையும் கடைக்காரர் காட்டவில்லை. அதிலும் 28 நாள் கணக்கு. மாதம் என்று நினைத்துப் பன்னிரண்டு முறை போட்டால் போதாது, வருஷத்துக்குப் பதின்மூன்று முறை வரும். ஒரு முறை நான் தேதியை மறந்து, இரண்டு நாள் அம்மாவின் போனிலிருந்து யாருக்கும் பேச முடியாமல் இருந்தது. பக்கத்து வீட்டு மதினி போனிலிருந்து கூப்பிட்டு 'என்னாச்சுப்பா, போன் செத்துப்போச்சே' என்றார். அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் இதை உட்கார்ந்து படித்தேன்.

30 நாள் செல்லுபடியாகும் ஒரு பேக்காவது, மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கிற ஒரு பேக்காவது எல்லாக் கம்பெனியும் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஜனவரியில் ட்ராய் சொல்லிவிட்டது. 2024 டிசம்பரில் இன்னும் நல்ல ஒரு திருத்தம்: டேட்டா வேண்டாதவர்களுக்குப் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள பேக் கட்டாயம் இருக்க வேண்டும், ஒரு வருஷம் வரை செல்லுபடி கொடுக்கலாம். 2025 ஜனவரியிலிருந்து கடைகளில் இருக்கிறது. ஆப்பில் முதல் பக்கத்தில் தேடினால் கிடைக்காது, உள்ளே கடைசிப் பகுதிக்குப் போக வேண்டும். கடையில் கேட்டால் 'டேட்டா இல்லாததா, எதுக்கு சார்?' என்பார்கள். விடாமல் கேளுங்கள். அம்மாவுக்கு ஒரு வருஷப் பேக் போட்டுவிட்டேன், தேதி பயம் போனது. அப்பா அம்மா ஊரில் இருக்கிற எல்லோரும் முதலில் செய்ய வேண்டிய வேலை இது.

அதே போனில் இன்னொன்றும் நடந்தது. ஒரு நாள் அம்மாவுக்கு யார் அழைத்தாலும் சினிமாப் பாட்டு கேட்டது. பதிவு செய்த குரல் ஒன்று வந்து 'இந்தப் பாட்டு பிடித்திருந்தால் ஒன்றை அழுத்துங்கள்' என்றிருக்கிறது, அம்மா அழைப்பைத் துண்டிக்க ஏதோ ஒரு பட்டனை அழுத்தியிருக்கிறார். இருப்பில் இருந்த காசு போய்விட்டது. இப்படிச் சேவை எதையும் தொடங்குவதற்கு முன் இரண்டாவது முறை தனியாக நம் சம்மதம் கேட்க வேண்டும் என்பது விதி. 155223 என்ற எண்ணுக்கு அழைத்து அந்தச் சேவையை நிறுத்தினேன், கட்டணம் கிடையாது. தொல்லை அழைப்புகளுக்கு 1909, எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

எண்ணை மாற்றாமல் கம்பெனியை மாற்றும் வசதி 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுக்க இருக்கிறது, 2015 ஜூலையிலிருந்து மாநிலம் விட்டு மாநிலமும் செய்யலாம். இந்தத் துறையில் நம் கைக்குக் கிடைத்த ஒரே நல்ல ஆயுதம் இதுதான் என்பேன். பெரிய எழுத்தில் ஆங்கிலத்தில் போர்ட் என்று அடித்து, இடைவெளி விட்டு நம் எண்ணைப் போட்டு 1900க்கு அனுப்பினால் எட்டு எழுத்துக் குறியீடு வரும், நம்மூரில் அது நான்கு நாள் செல்லும். ஒரே கம்பெனியில் 90 நாளாவது இருந்திருக்க வேண்டும், போஸ்ட்பெய்டு என்றால் பாக்கி இருக்கக் கூடாது, சிம் தொலைந்து புதுசு வாங்கியிருந்தால் ஏழு நாள் பொறுக்க வேண்டும். ஆனால் அவசரப்படாதீர்கள். அம்மா வீட்டில் ஒரே ஒரு கம்பெனிக்குத்தான் பின்கட்டு வரை சிக்னல் கிடைக்கிறது, மற்றதெல்லாம் வாசல் திண்ணையோடு நின்றுவிடுகிறது. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது மூன்று கம்பெனி சிம்மையும் ஒவ்வொரு அறையாக எடுத்துப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் மாற்ற வேண்டாம் என்று முடிவு செய்தேன். அம்மா விழுந்தால் கூப்பிடப் போவது குளியலறைப் பக்கத்திலிருந்துதானே.

இணைப்பு வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது: விற்க வருகிற பையனிடம் வேகத்தைக் கேட்காதீர்கள், தெருவில் அதே இணைப்பு வைத்திருக்கும் நான்கு வீட்டில் போய், கடைசியாக லைன் போனபோது எத்தனை நாளில் வந்தது என்று கேளுங்கள். ஒரே கம்பெனி நங்கநல்லூரில் ஒரு மாதிரி இருக்கிறது, மடிப்பாக்கத்தில் ஒரு மாதிரி இருக்கிறது, ஏரியா ஒப்பந்தக்காரர் வேறு வேறு. போஸ்ட் பெட்டியின் எண்ணைக் குறித்து வையுங்கள். ஆறு மாதம், ஒரு வருஷம் என்று முன்பணம் கட்டாதீர்கள், தள்ளுபடி எவ்வளவு கொடுத்தாலும்.

நான் கட்டியதில் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மூன்று மாதமும், கழிவாகக் கிடைத்த ஒரு மாதமும் சேர்த்து 3,299 ரூபாய் திரும்ப வர வேண்டும். முப்பது நாளில் வங்கிக் கணக்கில் போடுகிறோம் என்று எழுதியிருக்கிறார்கள். மோடத்தை இன்னும் எடுத்துப் போகவில்லை, அட்டைப் பெட்டியில் போட்டு அலமாரி மேல் வைத்திருக்கிறேன். பணம் வந்ததும் இதே பதிவில் தேதியோடு சேர்த்து எழுதுகிறேன்.